எது காலை ஆகாரம்?

ஜெர்மனியில் வரி வழக்குகளுக்கென்று தனியாக ஒரு உச்ச நீதிமன்றம் இருக்கிறது, மியூனிக் நகரத்தில். அது 2019 ஜூலை 3-ஆம் தேதி சொன்ன ஒரு தீர்ப்பின் சாரம் இது: மேலே எதுவும் தடவாத, எதுவும் வைக்காத ரொட்டியையும் கூடவே ஒரு கோப்பைச் சூடான பானத்தையும் கொடுத்தால், கொடுத்தது காலை ஆகாரம் ஆகிவிடாது. நண்பர்களிடம் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். சிரிப்புக்கு இடம் இருக்கிறதுதான். என்றாலும், தினமும் எல்லோரும் உபயோகிக்கிற ஒரு வார்த்தைக்குக் குறைந்தபட்ச அர்த்தம் என்ன என்று கேட்டு, பதிலும் சொல்லி, அந்தப் பதிலுக்குக் கட்டுப்பட்டு ஒரு சர்க்கார் தன் பணத்தை விட்டுக்கொடுக்கிற காரியம் நம் இலக்கிய உலகத்தில் நடப்பதில்லை. 'யதார்த்தம்' என்ற வார்த்தையை நாம் எத்தனையோ வருஷமாக மென்றுகொண்டிருக்கிறோம். யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை. வார்த்தைக்கு விலை இருக்கிற இடத்தில் வார்த்தையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதில் எனக்கு ஆசை உண்டு. நான் பார்க்கும் உத்யோகமும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பாங்கில் ஒரு எழுத்துக்கூடச் சும்மா இருப்பதில்லை.

வழக்கு எளிமையானது. கம்ப்யூட்டர் மென்பொருள் தயாரிக்கும் ஒரு கம்பெனி. சுமார் 80 பேர் வேலை பார்த்தார்கள். கம்பெனி ஒவ்வொரு வேலை நாளும் ரொட்டிக் கடையிலிருந்து ஏறக்குறைய 150 சிறு ரொட்டிகளை வரவழைத்தது. நம் ஊர் பன் அளவில், கொஞ்சம் கெட்டியாக இருக்கும். அதில் பல தினுசு: கம்பு வகைத் தானியத்தில் செய்தது, சீஸ் சேர்த்தது, சாக்லெட் சேர்த்தது என்று. காண்டீனில் கூடைகளில் வைத்துவிடுவார்கள். பக்கத்தில் காப்பி வரும் மெஷின். ஊழியர்கள், வாடிக்கையாளர்கள், வந்துபோகிறவர்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வெண்ணெய் கிடையாது, ஜாம் கிடையாது, சீஸ் துண்டோ இறைச்சித் துண்டோ கிடையாது. பெரும்பாலும் முற்பகல் இடைவேளையில் தின்றார்கள்.

வரி இலாகா வந்து பார்த்தது. இது இலவசச் சாப்பாடு, அதிலும் காலை ஆகாரம், எனவே சம்பளத்தின் ஒரு பகுதி என்றது. அந்த நாட்டில் இப்படிக் கொடுக்கப்படும் காலை ஆகாரத்துக்கு ஒவ்வொரு வருஷமும் சர்க்காரே ஒரு மதிப்புப் போட்டுவைக்கிறது. 2008 டிசம்பரிலிருந்து 2011 டிசம்பர் வரை, தலைக்கு ஒரு வேலை நாளுக்கு 1.50 யூரோவிலிருந்து 1.57 யூரோ வரை கணக்கிட்டு வரி கேட்டார்கள். கம்பெனி மறுத்தது. 2017-இல் ம்யூன்ஸ்டர் நகர வரி நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. இலாகா மேலே போயிற்று. மியூனிக்கிலும் தோற்றது.

சாப்பாட்டைச் சம்பளம் என்று கொள்வது வரி இலாகாவின் கண்டுபிடிப்பு அல்ல. எங்கள் சம்பளச் சீட்டில் மாதாமாதம் ஒரு 'பஞ்சப்படி' வருகிறது. பயணப்படி என்று இன்னொன்று. படி என்பது நெல் அளக்கிற படிதான். 'எனக்குப் படியளக்கிறவர்' என்று எஜமானரைக் குறிப்பிடுகிற பாஷை இன்னும் செத்துப்போகவில்லை. களத்தில் நெல்லாகவும் வரப்பில் கஞ்சியாகவும் கூலி வாங்கிய பாஷை இது. கஞ்சி ஊற்றுவதைத் தர்மம் என்று பண்ணைக்காரர் நினைத்திருக்கலாம். குடித்தவனுக்கு அது கூலியின் பாதி என்று தெரியும். காசாகக் கொடுத்தால் வரி, சோறாகக் கொடுத்தால் வரியில்லை என்று வைத்தால் எல்லா முதலாளிகளும் சோறாகக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆகவே சோற்றை விலை போட்டுப் பார்ப்பது நியாயம். இதில் எனக்குத் தகராறு இல்லை.

தகராறு அடுத்த படியில் ஆரம்பிக்கிறது. சோறு எல்லாம் கூலி என்றால் ஆபீஸில் கொடுக்கும் ஒரு வாய் காப்பியும் கூலியாகிவிடும். அது கேலிக்கூத்து என்று சட்டத்துக்கும் தெரியும். அதனால் ஜெர்மானியச் சட்டம் ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கிறது. வேலையிடத்தில் கொடுக்கும் பானங்கள், சிறு தீனிகள் போன்றவற்றைச் சம்பளத்தில் சேர்ப்பதில்லை. அவற்றுக்கு அங்கே வழங்கும் வார்த்தையைத் தமிழில் நேராகச் சொன்னால் 'கவனிப்பு'. நம் பாஷையில் இது எவ்வளவு பொருத்தமாக விழுகிறது என்று பாருங்கள். விருந்தாளியை 'நல்லாக் கவனிச்சாங்க' என்கிறோம். காரியம் ஆகவேண்டிய ஆபீஸில் 'கொஞ்சம் கவனிக்கணும்' என்கிறோம். அன்பும் சுயநலமும் ஒரே வார்த்தைக்குள் இடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கின்றன. மியூனிக் நீதிபதிகளும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள்: ரொட்டியை வைத்தது வேலைச் சூழ்நிலையை அனுகூலமாக ஆக்கிக்கொள்ள, அதில் கம்பெனிக்கே லாபம் இருக்கிறது, ஆகவே ஊழியனுக்குக் கொடுத்த கூலி என்று அதைக் கருத முடியாது.

ஆனால் இந்த வாசல் வழியாகச் சாப்பாடு நுழைய முடியாது; தீனிதான் நுழையலாம். எனவே ரொட்டி சாப்பாடா தீனியா என்ற கேள்வி வந்துவிட்டது. அதாவது, எது காலை ஆகாரம்?

இங்கே நீதிமன்றம் செய்த காரியம் விமர்சகர்கள் கவனிக்கவேண்டியது. காலை ஆகாரத்துக்கு ஜெர்மன் பாஷையில் உள்ள வார்த்தை இரண்டு சொல் சேர்ந்தது. முதல் சொல்லுக்குக் காலம்பற என்று பொருள், இரண்டாவதற்குத் துண்டு. காலையில் தின்கிற ரொட்டித் துண்டு என்பதே வார்த்தையின் பிறப்பு. பிறப்பைப் பார்த்திருந்தால் இலாகா ஜெயித்திருக்கும். வெறும் ரொட்டித் துண்டைக் காட்டிலும் அந்த வார்த்தைக்கு விசுவாசமான பொருள் வேறு கிடையாது. நீதிமன்றம் பிறப்பைக் கேட்கவில்லை. இன்று இந்த வார்த்தையைச் சொல்கிறவர்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தது. எவ்வளவு எளிய காலை ஆகாரமாக இருந்தாலும் ரொட்டியும் பானமும் போதாது, ரொட்டியின்மேல் தடவவோ வைக்கவோ ஏதாவது ஒன்று வேண்டும் என்றது. வார்த்தைக்கு அதிகாரம் அதன் வேரில் இல்லை, புழக்கத்தில் இருக்கிறது. நம் பண்டிதர்களில் பலர் இன்றும் வேரைத் தோண்டி எடுத்துக் காட்டிவிட்டு மரத்தைக் காட்டிவிட்டதாக நினைக்கிறார்கள்.

ஆனால், 'குறைந்தபட்சம் இது இருக்கவேண்டும்' என்று விதி போடுவதில் உள்ள சங்கடமும் நமக்குப் புதிதல்ல. 1959-இல் 'எழுத்து' வந்தது; 1962-இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு வந்தது. அதைச் சுற்றி நடந்த சர்ச்சைகளில் எதிர்த்தரப்பு கேட்டதெல்லாம், கிட்டத்தட்ட, வெண்ணெய் எங்கே, ஜாம் எங்கே என்பதுதான். எதுகை இல்லை, தளை இல்லை, வெறும் ரொட்டி. இது எப்படிக் கவிதை? அதற்குச் செல்லப்பா போன்றவர்கள் சொன்ன பதில், ரொட்டியின்மேல் இருப்பதைப் பார்க்காதே, வாசிக்கிறவனுக்குள் என்ன நடக்கிறது பார் என்கிற ரீதியில் இருந்தது. தட்டைப் பார்ப்பதா, தின்கிறவனைப் பார்ப்பதா? அந்தச் சண்டையில் நாம் எந்தப் பக்கம் என்பதில் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்குச் சந்தேகம் இருக்காது. மியூனிக் நீதிமன்றம் தட்டைப் பார்த்தது. தட்டைப் பார்க்கிறவர்களுக்கு வரக்கூடிய தொந்தரவு அதற்கும் வந்தது. கூடையில் சீஸ் சேர்த்த ரொட்டியும் சாக்லெட் சேர்த்த ரொட்டியும் இருந்தன என்று சொன்னேன். மேலே வைக்கவேண்டியது மாவோடு சேர்ந்து வெந்துபோயிருக்கிறது. அதுவும் வெறும் ரொட்டிதான் என்று ஆகிவிட்டது. அதே சீஸை ஒரு கத்தியால் தனியாக நறுக்கித் தட்டில் வைத்திருந்தால் 80 பேருக்கும் வரி விழுந்திருக்கும்.

இதையெல்லாம் யோசித்தபோது எனக்குப் பட்டது ஒன்று. இந்தச் சட்டங்களின் பார்வையில் கொடுப்பது ஒன்று அன்பாக இருக்கவேண்டுமானால் அது போதாமல் இருக்கவேண்டும். போதுமானதாக ஆனவுடன் அது கூலியாகிவிடுகிறது. வெண்ணெய் தடவாமல் கொடுத்தால் கவனிப்பு. தடவிக் கொடுத்தால் சம்பளம். கொடுக்கிற கை எங்கே நிற்கவேண்டும் என்று சட்டம் கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோடு, வாங்கியவனுக்கு வயிறு நிரம்புகிற இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. இதில் குரூரம் எதுவும் உத்தேசிக்கப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்களுக்காகப் போடப்பட்ட கோடு அது. வீட்டுச் செலவை ஆபீஸ் ஏற்றுக்கொண்டால் அது வருமானம். வீட்டுச் செலவுக்கு மேல் ஒரு கொறிப்பு என்றால் வருமானமில்லை. எல்லோரும் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள் என்பது இதன் அஸ்திவாரம். அதைச் சட்டம் எங்கும் எழுதிவைப்பதில்லை.

தட்டைப் பார்க்காமல் ஆளைப் பார்த்த சட்டம் ஒன்றும் இருந்தது. பிரிட்டனில் இந்த நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில் ஒரு வரி விலக்கு கொடுத்தார்கள். சைக்கிளில் வேலைக்கு வருவதற்கென்று கம்பெனி குறிப்பிடும் நாட்களில், அப்படிச் சைக்கிளில் வந்தவர்களுக்குக் கொடுக்கும் காலை ஆகாரத்துக்கு வரி கிடையாது. என்ன தின்றான் என்று கேட்கவில்லை. எப்படி வந்தான் என்று கேட்டார்கள். மிதித்துவந்த காலுக்குச் சோறு என்ற தர்க்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. 2010-களின் தொடக்கத்தில், வரிச் சட்டத்தை எளிமையாக்குகிறோம் என்று சொல்லி இதை எடுத்துவிட்டார்கள். எளிமையாக்கும்போதெல்லாம் முதலில் போவது ஆள். தட்டு எப்படியோ தங்கிவிடுகிறது.

இனி நம் தேசத்துக்கு வருகிறேன். நான் இந்த விதிகளைப் புரட்டியது இலக்கிய ஆர்வத்தால் அல்ல. பாங்கு ஊழியர்கள் தங்கள் பாங்கில் குறைந்த வட்டியில் வாங்கும் கடனில் கிடைக்கும் அனுகூலத்துக்கு வரி போடலாமா என்று ஊழியர் சங்கங்களும் அதிகாரிகள் சங்கங்களும் நடத்திய வழக்கில், 2024 மே 7-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் போடலாம் என்றது. உத்யோகத்தோடு ஒட்டிக் கிடைக்கும், மற்றவர்களுக்குக் கிடைக்காத அனுகூலம் அது என்பது காரணம். எனக்கும் வீட்டுக் கடன் உண்டு. எங்கள் கவுண்டருக்குப் பின்னால் அன்று யாரும் வேறு விஷயம் பேசவில்லை. அப்போதுதான் 1962-ஆம் வருஷத்து வருமான வரி விதிகளில் மூன்றாவது விதியைப் படித்தேன். வட்டி அனுகூலத்திலிருந்து சில வரிகள் தள்ளி, இலவச உணவு.

2009 டிசம்பரில் திருத்தி எழுதப்பட்ட அந்த விதி சொன்னது இது: வேலை நேரத்தில், வேலையிடத்தில், முதலாளி கொடுக்கும் உணவில் வேளைக்கு 50 ரூபாய் வரை வரிக்கணக்கில் வராது. பிறருக்கு மாற்றமுடியாத, சாப்பாட்டுக் கடைகளில் மட்டும் செல்லுபடியாகும் சீட்டுகளாகக் கொடுத்தாலும் அப்படியே. இதற்குத் தனியாக, வேலை நேரத்தில் கொடுக்கும் டீக்கும் ஸ்நாக்ஸுக்கும் எந்த எல்லையும் இல்லை. அந்த 50 ரூபாய் அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் அசையாமல் நின்றது. அதற்குள் 50 ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்பது வெகுவாக மாறிவிட்டது. 1961 சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் வேறொரு சட்டமே நிறைவேற்றப்பட்டது. தொகைகள் மாறக்கூடியவை. என் கேள்வி தொகையைப் பற்றியதல்ல. உணவு ஒரு பக்கம், ஸ்நாக்ஸ் ஒரு பக்கம் என்று பிரித்த விதி, நடுவில் கோடு எங்கே என்று சொல்லவில்லை. மியூனிக்கில் தேவைப்பட்ட வெண்ணெய் இங்கே எது?

இந்த விதியை எழுதியவர் தமிழ்நாட்டில் வளர்ந்தவராக இருந்திருந்தால் பிரித்திருக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன். நம்மிடம் 'டிபன்' இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் இந்தியாவில் புழங்கிய இந்த வார்த்தை அவர்களிடம் மத்தியான வேளைக்கு உரியதாக இருந்தது. நாம் அதை வாங்கிக் காலைக்கும் சாயந்திரத்துக்கும் வைத்துக்கொண்டோம். 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டால், 'இல்லை, இப்பத்தான் டிபன் ஆச்சு' என்று நாலு தோசை தின்றவர் பதில் சொல்வார். அரிசியை ஊறவைத்து, அரைத்து, ராத்திரி முழுக்கப் புளிக்கவைத்து, ஆவியில் வேகவைத்தால் அது சாப்பாடு இல்லை. அதே அரிசியைப் பானையில் போட்டு வடித்தால் சாப்பாடு. இது எந்த நீதிமன்றமும் போடாத கோடு; ஆனால் எந்த நீதிமன்றத்தின் கோட்டையும்விடத் தெளிவானது. டிபன் உணவா, ஸ்நாக்ஸா? நம் பாஷையில் கேட்டால் இரண்டும் இல்லை. விதியில் அதற்கு இடமே இல்லை.

சர்க்கார் காலை ஆகாரத்தை வரையறுத்த சமயம் ஒன்று நமக்கும் உண்டு. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. அடுத்த வருஷம் ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுக்க விரிந்தது. சர்க்கார் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் வகைகள். கூடக் காய்கறி சாம்பார். சாம்பாரைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தார்கள். வெறும் உப்புமா காலை உணவு ஆகாது என்று நம் அதிகாரிகளுக்கும் தோன்றியிருக்கிறது. மியூனிக் தீர்ப்பும் நம் சத்துணவுப் பட்டியலும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரு முக்கியமான வித்தியாசம்: அங்கே அந்தக் கூடுதல் பொருள், கொடுத்ததை வருமானமாக மாற்றிவிடும் குற்றவாளி, இங்கே அதுதான் கொடுப்பதன் மரியாதை. பசியோடு பள்ளிக்கூடம் வருகிற குழந்தை இருக்கிறது என்று தெரிந்து எழுதிய பட்டியல் இது. வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்களுக்காக எழுதியது அல்ல.

எங்கள் கிளை தஞ்சை ஜில்லாவில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறது. பதினோரு மணிக்கு டீயும் ஆளுக்கு ஒரு வடையும் வரும். கொண்டுவருகிறவர் நாகூர்ப் பக்கத்து மனிதர், ஐம்பதைத் தாண்டியவர். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறோம். கிளை திறப்பதற்கு முன்பே வந்து தண்ணீர் பிடித்துவைப்பார். வவுச்சர்களைக் கட்டுக் கட்டாகத் தைப்பார், பழைய ரிக்கார்டுகளை மாடிக்குத் தூக்கிப்போவார், தபாலாபீஸ் போய்வருவார். தினக்கூலி. அவர் பெயர் எந்த ரிஜிஸ்தரிலும் கிடையாது.

காலையில் என்னைப் பார்த்ததும் 'பசியாறிட்டீங்களா சார்?' என்பார். எங்கள் வீட்டில் இல்லாத பிரயோகம் இது. நாகூர், காரைக்கால் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் காலை ஆகாரம் உண்பதற்கு இதுதான் சாதாரண வார்த்தை. மலேசியத் தமிழர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். மியூனிக் தீர்ப்பைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் இந்த வார்த்தை திடீரென்று என்னை நிறுத்தியது. ஜெர்மன் வார்த்தை துண்டைச் சொல்கிறது. இங்கிலீஷ் வார்த்தை நோன்பை முறிப்பதைச் சொல்கிறது. பிரெஞ்சுக்காரர்களும் நோன்பு முறிப்பதில்தான் ஆரம்பித்தார்கள். அவர்கள் வார்த்தை மத்தியானத்துக்கு நகர்ந்துபோய்விட்டதால் காலைக்கு அதையே 'சின்ன' என்று சேர்த்துச் சொல்லவேண்டியதாயிற்று. நம் 'காலை உணவு' நேரத்தைச் சொல்கிறது. பாயின் வார்த்தையில் தட்டு இல்லை, நேரம்கூட இல்லை. பசி இருந்தது, ஆறியது. ரணம் ஆறுவது போல, கோபம் ஆறுவது போல. என்ன தின்றால் என்ன, எத்தனை மணிக்குத் தின்றால் என்ன, ஆறினால் அதுதான்.

ஒரு நாள் பதிலுக்கு, 'நீங்க பசியாறியாச்சா பாய்?' என்று கேட்டேன்.

'பதினோரு மணிக்குத்தான் சார். அந்த வடைதான்' என்றார். மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னார். குரலில் வேறு எதுவும் இல்லை.

இதைக் கதையாக்கினால் வாராந்தரிகள் படம் போட்டு வெளியிடும். வாசகர்கள் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு அடுத்த பக்கம் போவார்கள். எனக்கு வேண்டியது கண்ணீர் அல்ல. ஒரே கடையில், ஒரே எண்ணெயில் பொரிந்த வடை. என் வயிற்றில் ஏற்கெனவே நாலு இட்லி இருக்கிறது. எனக்கு அது ஸ்நாக்ஸ். விதி எனக்காக எழுதப்பட்டிருக்கிறது, சரியாகப் பொருந்துகிறது. அவருக்கு அது அன்றைக்கு முதல் ஆகாரம். மியூனிக் நீதிபதிகளிடம் கொண்டுபோனால் சட்னி உண்டா என்று கேட்பார்கள். இல்லை. எனவே காலை ஆகாரம் இல்லை. பொருள் மாறவில்லை, ஆள் மாறினால் பெயர் மாறுகிறது. இதைப் பார்க்கமுடியாத வரையறை எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் பாதி வரையறைதான்.

விஷயம் இன்னும் கொஞ்சம் சிக்கலானது. டீ, வடைக்கு வாராவாரம் சில்லறைச் செலவில் வவுச்சர் போடுவது என் வேலை. எங்கள் கிளையில் 9 பேர், வடை 10. ஒரு முறை ஆடிட்டர், ஒன்பது பேருக்கு ஏன் பத்து என்று கேட்டார். மானேஜர் நல்ல மனிதர். 'யாராவது முக்கியமான கஸ்டமர் வருவாங்க சார்' என்றார். ஆடிட்டர் டிக் அடித்துவிட்டார். பாய் கணக்கில் கஸ்டமராகத்தான் நுழைய முடிந்தது. ஊழியராக நுழைந்திருந்தால் கேள்வி பெரிதாகியிருக்கும். வடையைப் பற்றிய கேள்வியாகவும் இருந்திருக்காது.

சட்டம் இரண்டு பெட்டிதான் வைத்திருக்கிறது என்று முதலில் நினைத்துக்கொண்டிருந்தேன்: கவனிப்பு, கூலி. இரண்டுக்கும் முன்னால் ஒரு வார்த்தை இருக்கிறது: ஊழியர். ஊழியருக்குக் கொடுத்தால்தான் அது கூலியா கவனிப்பா என்ற கேள்வியே பிறக்கும். பாய் தின்கிற வடை இரண்டும் இல்லை. எண்ணிக்கையில் ஒன்று கூடுதல், அவ்வளவுதான். உணவைப் பரிமாறுகிறவன் யாருடைய ஊழியன் என்ற கேள்வியைச் சுப்ரீம் கோர்ட்டே இரண்டு விதமாக முடித்திருக்கிறது. 1995-இல், கல்கத்தாவில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் அலுவலகக் காண்டீன்களில் வேலை செய்தவர்கள் கார்ப்பரேஷனின் ஊழியர்களே என்றது. அடுத்த வருஷமே, ரிசர்வ் பாங்கு காண்டீன்களில் வேலை செய்தவர்கள் பாங்கின் ஊழியர்கள் அல்ல என்றது. காண்டீனை நடத்தியது யார், நடத்தவேண்டிய கடமை யாருக்கு, யார் வேலைக்கு எடுத்தார்கள் என்று ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனிக் காரணங்கள் இருந்தன, காரணங்கள் கனமானவைதான். ஆனால் இரண்டு காண்டீனிலும் டீ ஒரே மாதிரிதான் ஆறிப்போயிருக்கும்.

மியூனிக் தீர்ப்பை நான் இன்னும் மதிக்கிறேன். சர்க்கார் ஒரு வார்த்தையைத் தன் வசதிக்கு இழுத்தபோது, சாதாரண ஜனங்கள் இதை இப்படிச் சொல்வதில்லை என்று ஒரு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இது சின்னக் காரியம் அல்ல. வார்த்தைகளைக் காப்பாற்றுவது எழுத்தாளர்களின் வேலை என்று மேடையில் பேசுகிறோம்; அதை ரொட்டிக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து செய்தவர்கள் அவர்கள். என் ஆட்சேபம், சாதாரண ஜனங்கள் என்று யாரைக் கேட்டார்கள் என்பதில்தான். வெண்ணெய் தடவித் தின்கிறவர்களைக் கேட்டால் வெண்ணெய் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். தினமும் 150 ரொட்டியைச் சுட்டவர், கூடையில் அடுக்கியவர், சாயந்திரம் மிச்சம் இருந்ததை எடுத்துப்போனவர் என்று சிலராவது இருந்திருப்பார்கள். வழக்கு அவர்களைப் பற்றியதல்ல. ஆனால் வார்த்தை அவர்களுக்கும் சொந்தம்.

'பசியாறுதல்' என்ற வார்த்தையை எந்தச் சட்டமும் எடுத்துக்கொள்ளாது. பசி ஆறியதா என்பதற்கு வவுச்சர் கிடையாது, ஆறியவன்தான் சாட்சி. அவன் சொல்வதை நம்பவேண்டும். ஒரு கவிதை நல்ல கவிதையா என்று கேட்கும்போதும் கடைசியில் இப்படி ஒரு சாட்சியைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம். அந்தச் சாட்சி யாராக இருக்கலாம் என்பதில் நாமும் ஒரு ரிஜிஸ்தர் வைத்திருக்கிறோமோ என்று எனக்குச் சில நாளாகச் சந்தேகம்.